கைவிடப்பட்ட நோயாளிகளுக்காக ஒரு வீடு: தன்னார்வலராக வந்து வரலாறு படைத்த சிசிலி சாண்டர்ஸ் யார்?

இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைச்சிட்டுப் போங்க என்று டாக்டர் சொல்லிவிட்டால் ஒரு குடும்பம் என்ன செய்யும்? ஆம்புலன்ஸ் பிடிக்கும். கட்டிலை ஜன்னல் ஓரமாகப் போடும். சொந்தக்காரர்களுக்குப் போன் போடும். அதற்கப்புறம்? ராத்திரி இரண்டு மணிக்கு வலி தாங்காமல் கத்தினால் யாரைக் கூப்பிடுவது? படுக்கைப்புண்ணை எப்படிக் கழுவுவது? இரவும் பகலும் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளும் மனைவியோ மகளோ ஒருநாள் உடம்பு முடியாமல் படுத்துவிட்டால், அவர்களை யார் பார்ப்பது?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடித் தன் வாழ்நாள் முழுவதையும் செலவிட்டவர் சிசிலி சாண்டர்ஸ். இங்கிலாந்தைச் சேர்ந்தவர். நர்ஸ், மருத்துவ சமூகப் பணியாளர், டாக்டர் என மூன்று வேலைகளையும் முறையாகப் படித்துச் செய்தவர். இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கும் நவீன ஹாஸ்பிஸ் இயக்கத்தைத் தொடங்கியவர் என்று மருத்துவ உலகம் இவரைத்தான் சொல்கிறது.

ஆனால் இவர் கதையில் பலரும் கவனிக்காமல் விடும் ஒரு பகுதி இருக்கிறது. டாக்டர் ஆவதற்கு முன்பு, பகலில் சம்பள வேலையை முடித்துவிட்டு, மாலையில் ஒரு சின்ன மருத்துவமனைக்குப் போய்ச் சம்பளமே இல்லாமல் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவர் சிசிலி. பின்னாளில் உலகம் ஏற்றுக்கொண்ட முக்கியமான மருத்துவப் பாடம் ஒன்றை அவர் கற்றது அங்கேதான்.

ஹாஸ்பிஸ்னா என்ன?

முதலில் இதைப் பார்த்துவிடுவோம். நோயைக் குணப்படுத்த வழியில்லை என்ற கட்டத்தில் இருப்பவர்களுக்கு வலியைக் குறைத்து, மூச்சுத்திணறல், வாந்தி, புண் போன்ற தொல்லைகளைக் கட்டுப்படுத்தி, மீதமிருக்கும் நாட்களை நிம்மதியாக வாழ வைப்பதுதான் ஹாஸ்பிஸ் பராமரிப்பு. நோயாளி மட்டுமில்லை, அவரைப் பார்த்துக்கொள்ளும் குடும்பமும் இந்தப் பராமரிப்புக்குள் வரும். அவர் இறந்த பிறகு குடும்பத்தினரின் துக்கத்துக்குத் துணை நிற்பதும் இதில் சேர்த்திதான்.

இந்தச் சொல் பழையது. இடைக்கால ஐரோப்பாவில் புனித யாத்திரை போகிறவர்கள் தங்கி இளைப்பாறும் இடத்துக்குத்தான் ஹாஸ்பிஸ் என்று பெயர். நம்ம ஊர் சத்திரம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். 19-ஆம் நூற்றாண்டில்தான் இந்தச் சொல் மரணத்தை நெருங்கியவர்களுக்கான இல்லங்களைக் குறிக்க ஆரம்பித்தது. அயர்லாந்தின் டப்ளினில் 1879-ல் கன்னியாஸ்திரிகள் அப்படி ஒரு இல்லம் தொடங்கினார்கள். லண்டனில் 1893-ல் செயின்ட் லூக்ஸ், 1905-ல் செயின்ட் ஜோசப்ஸ் என அடுத்தடுத்து வந்தன.

அதாவது, சாகப்போகிறவர்களுக்கு இல்லம் என்ற யோசனை சிசிலியுடையது அல்ல. அவர் வருவதற்கு முன்பே அன்பு இருந்தது, சேவை இருந்தது, படுக்கையும் இருந்தது. ஆனால் பெரிய மருத்துவமனைகளும் மருத்துவக் கல்லூரிகளும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. இந்த இரண்டையும் இணைத்ததுதான் சிசிலியின் வேலை.

உயரமான, தனிமையான சிறுமி

1918-ஆம் ஆண்டு ஜூன் 22-ம் தேதி லண்டனுக்கு வடக்கே இருக்கும் பார்னெட் என்ற ஊரில் பிறந்தார் சிசிலி. அப்பா வீடு, நிலம் விற்பனைத் தொழிலில் நன்றாகச் சம்பாதித்தவர். மூன்று பிள்ளைகளில் இவர்தான் மூத்தவர், இரண்டு தம்பிகள். வசதிக்குக் குறைவில்லை. ஆனால் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒத்துப்போகவில்லை. பின்னாளில் அவர்கள் பிரிந்தே போனார்கள்.

14 வயதில் ரோடீன் என்ற விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். மற்றப் பெண்களைவிட ரொம்ப உயரம், கூச்ச சுபாவம் வேறு. யாருடனும் எளிதில் ஒட்டவில்லை. முதுகுத்தண்டில் வளைவும் இருந்தது. ஒதுக்கி வைக்கப்பட்டால் எப்படி இருக்கும் என்பதை அந்த வயதிலேயே அனுபவித்துவிட்டார்.

1938-ல் ஆக்ஸ்போர்டில் அரசியல், தத்துவம், பொருளாதாரம் படிக்கச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே இரண்டாம் உலகப்போர் வெடித்தது. நாடே போரில் இருக்கும்போது உட்கார்ந்து தத்துவம் படிக்க மனம் வரவில்லை. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, 1940-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் நைட்டிங்கேல் பள்ளியில் நர்ஸ் பயிற்சிக்குச் சேர்ந்தார்.

இதுதான் தனக்கான வேலை என்று அவருக்குப் புரிந்தது அங்கேதான். ஆனால் உடம்பு ஒத்துழைக்கவில்லை. நோயாளிகளைத் தூக்கித் தூக்கி முதுகுவலி மோசமானது. பயிற்சியை முடித்தும் நர்ஸ் வேலையைத் தொடர முடியவில்லை. மனம் உடைந்தாலும் திரும்ப ஆக்ஸ்போர்டுக்குப் போய் 1945-ல் பட்டம் வாங்கினார். பிறகு மருத்துவமனையில் சமூகப் பணியாளராக வேலைக்குச் சேர்ந்தார். நோயாளியின் குடும்ப நிலை என்ன, செலவை எப்படிச் சமாளிப்பார்கள், வீட்டுக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்றெல்லாம் விசாரித்து உதவி செய்யும் வேலை அது.

ஒரு சர்வர் விட்டுச் சென்ற 500 பவுண்டு

1947-ல் செயின்ட் தாமஸ் மருத்துவமனை வார்டில் டேவிட் தாஸ்மா என்பவரைச் சந்தித்தார் சிசிலி. போலந்தின் வார்சா நகரத்திலிருந்து வந்த யூதர். லண்டனில் ஓட்டல் சர்வராக வேலை பார்த்தவர். வயது 40. அறுவை சிகிச்சை செய்ய முடியாத புற்றுநோய். அருகில் குடும்பம் என்று யாரும் கிடையாது.

அவர் டிஸ்சார்ஜ் ஆன பிறகும் சிசிலி தொடர்பை விடவில்லை. இவர் மறுபடியும் எங்காவது விழுந்து கிடப்பார், அப்போது நமக்குத்தான் தகவல் வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அப்படியே நடந்தது. 1948 தொடக்கத்தில் வேறொரு மருத்துவமனையில் தாஸ்மா சேர்க்கப்பட்டார். அடுத்த இரண்டு மாதங்கள் சிசிலி திரும்பத் திரும்ப அவரைப் பார்க்கப் போனார். இருவருக்கும் நடுவே ஆழமான அன்பு மலர்ந்தது.

தான் வாழ்ந்ததற்கு ஒரு தடயமும் இல்லாமல் போகப்போகிறோம் என்பதுதான் தாஸ்மாவின் பெரிய வேதனை. வலியைவிட அது அவரை அதிகம் வாட்டியது. கூட்டமும் சத்தமுமான பொது வார்டில் படுத்துக்கொண்டு, இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு நல்ல இடம் இருந்தால் எப்படி இருக்கும் என்று இருவரும் பேசிக்கொள்வார்கள். 1948 பிப்ரவரி 25-ம் தேதி தாஸ்மா இறந்தார். அந்த இடம் கட்டப்படும்போது அதில் தான் ஒரு ஜன்னலாக இருப்பேன் என்று சொல்லி, 500 பவுண்டை சிசிலிக்கு விட்டுச் சென்றிருந்தார்.

கவனிங்க, அப்போது கட்டடமும் இல்லை, நிலமும் இல்லை, திட்டமும் இல்லை. கையில் இருந்தது ஒரு ஜன்னலுக்கான நன்கொடை மட்டும். அதைக் கொடுத்தவரோ பணக்காரர் அல்ல. சாகும் நிலையில் இருந்த ஒரு சர்வர்.

மாலை நேரத் தன்னார்வலர்

தாஸ்மா இறந்த பிறகு சிசிலி உடனே கட்டடம் கட்டக் கிளம்பவில்லை. முதலில் கற்றுக்கொள்ளப் போனார். லண்டன் பேஸ்வாட்டரில் இருந்த செயின்ட் லூக்ஸ் மருத்துவமனைக்கு மாலை நேரங்களில் தன்னார்வ நர்ஸாகப் போக ஆரம்பித்தார். கடைசிக் கட்டத்தில் இருந்த ஏழைகளுக்காகத் தொடங்கப்பட்ட இடம் அது.

அங்கே ஒரு விஷயம் அவர் கண்ணில் பட்டது.

பெரிய மருத்துவமனைகளில் அப்போதெல்லாம் வலி வந்த பிறகுதான் மார்ஃபின் கொடுப்பார்கள். நோயாளி வலியில் துடிக்க வேண்டும், நர்ஸைக் கூப்பிட வேண்டும், நர்ஸ் வந்து ஊசி போட வேண்டும், அது வேலை செய்யும்வரை காத்திருக்க வேண்டும். மருந்தின் வேகம் குறைந்ததும் மறுபடியும் முதலிலிருந்து. அடிக்கடி கொடுத்தால் நோயாளி அடிமையாகிவிடுவார் என்ற பயம் டாக்டர்களுக்கு. அடுத்த ஊசி எப்போது என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு கிடப்பார்கள் நோயாளிகள்.

செயின்ட் லூக்ஸில் முறையே வேறு. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை வாய்வழியாக மருந்து. வலி வந்தாலும் வராவிட்டாலும் நேரத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். விளைவு? வலி தலைதூக்குவதற்கு முன்பே அடக்கப்பட்டது. நோயாளிகள் மயங்கிக் கிடக்கவில்லை. விழித்திருந்தார்கள், பேசினார்கள், வந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள்.

இது எந்தப் புத்தகத்திலும் இருந்த சிகிச்சை முறை அல்ல. அங்கிருந்த நர்ஸ்கள் அனுபவத்தில் கண்டுபிடித்து, பல வருஷமாகச் செய்துவந்தது. பெரிய மருத்துவமனைகளுக்கு இது தெரியவே இல்லை. சம்பளம் வாங்காமல் மாலையில் போய் வந்த ஒருவர்தான் இதன் மதிப்பைப் புரிந்துகொண்டு வெளியுலகுக்கு எடுத்து வந்தார்.

நர்ஸ் சொன்னால் கேட்பார்களா?

சாகும் நிலையில் இருப்பவர்களோடு முழுநேரமும் வேலை செய்ய வேண்டும் என்ற தவிப்பு அதிகமானது. தான் பணிபுரிந்த அறுவை சிகிச்சை நிபுணர் நார்மன் பாரெட்டிடம் யோசனை கேட்டார். உணவுக்குழாய் நோய் ஒன்றுக்கு இன்றும் இவர் பெயர்தான். நர்ஸாகப் போனால் உன் பேச்சை யாரும் கேட்க மாட்டார்கள், போய் மருத்துவம் படி, இந்த நோயாளிகளைக் கைவிடுவதே டாக்டர்கள்தான் என்ற அர்த்தத்தில் பதில் வந்தது.

அப்போது சிசிலிக்கு 33 வயது. அறிவியல் பாடங்களை அடியிலிருந்து படிக்க வேண்டிய நிலை. 1951-ல் தன்னைவிடப் பல வயது இளையவர்களோடு மருத்துவக் கல்லூரி பெஞ்சில் உட்கார்ந்தார். 1957-ல் டாக்டரானார். 40-ஐ நெருங்கும் வயது.

1958 முதல் கிழக்கு லண்டன் ஹாக்னியில் கன்னியாஸ்திரிகள் நடத்திய செயின்ட் ஜோசப்ஸ் ஹாஸ்பிஸில் ஆய்வு வேலை தொடங்கினார். செயின்ட் லூக்ஸில் பார்த்த நேரத்துக்கு மருந்து முறையை இங்கே கொண்டுவந்தார். கூடவே இன்னொரு காரியமும் செய்தார். ஒவ்வொரு நோயாளியின் விவரத்தையும் துளையிட்ட அட்டைகளில் பதிவு செய்ய ஆரம்பித்தார். எவ்வளவு மருந்து, எத்தனை நாள், வலி குறைந்ததா, டோஸ் கூடிக்கொண்டே போனதா என எல்லாம் எழுதப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்கள் சேர்ந்தன. வலிக்காக முறையாகக் கொடுக்கப்படும் மார்ஃபின் நோயாளிகளை அடிமையாக்கவில்லை என்று அவரால் ஆதாரத்தோடு சொல்ல முடிந்தது. பரிதாபத்தைக் காட்டி வாதாடாமல் தரவுகளைக் காட்டி வாதாடியதால், டாக்டர்களும் காது கொடுக்க ஆரம்பித்தார்கள்.

வலி உடம்பில் மட்டும்தானா?

செயின்ட் ஜோசப்ஸில் ஒரு பெண்ணிடம் வலியைப் பற்றி விசாரித்தார் சிசிலி. முதுகில் ஆரம்பித்தது என்று தொடங்கிய அவர், அப்படியே கணவர் படும் பாடு, மகன் லீவு போட்டுவிட்டு வரவேண்டியிருப்பது, யாருக்கும் தன் நிலை புரியவில்லை என்ற ஏக்கம், மறுபடி பாதுகாப்பாக உணர ஆரம்பித்திருக்கும் நிம்மதி என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். கேட்டது ஒரு வலியைப் பற்றி. வந்த பதிலில் நான்கைந்து வலி இருந்தது.

இதிலிருந்து முழுமையான வலி என்ற கருத்தை 1960-களில் உருவாக்கினார் சிசிலி. உடம்பு வலி ஒன்று. பயம், கோபம், சோர்வு என மனவலி இன்னொன்று. வேலை போச்சு, கடன் ஏறுது, பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்ற சமூக வலி மூன்றாவது. ஏன் எனக்கு இப்படி, நான் வாழ்ந்ததற்கு என்ன அர்த்தம் என்ற ஆன்மிக வலி நான்காவது. ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றைக் குணப்படுத்த முடியாது என்பது அவர் வாதம்.

தன்னார்வலர்கள் ஏன் தேவை என்பதற்கான பதிலும் இங்கேதான் இருக்கிறது. முதல் வலிக்கு டாக்டர் மருந்து எழுதலாம். மற்ற மூன்றுக்கும் மருந்துச்சீட்டு கிடையாது. ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும், காது கொடுக்க வேண்டும், வங்கிக்கோ பள்ளிக்கோ போய்வர வேண்டும். அதற்கு வேண்டியது டாக்டர் பட்டம் இல்லை, நேரம்.

ஜன்னலைச் சுற்றி ஒரு கட்டடம்

1959 வாக்கில் சொந்தமாக ஒரு ஹாஸ்பிஸ் கட்டும் திட்டத்தை எழுத ஆரம்பித்தார். நண்பர்கள், டாக்டர்கள், பாதிரியார்கள், அறக்கட்டளைக்காரர்கள் என ஒருவர் விடாமல் கடிதம் போட்டார். 1961-ல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ் தொண்டு நிறுவனமாகப் பதிவானது. கிறிஸ்டோபர், கிறிஸ்தவ மரபில் பயணிகளின் காவல் புனிதர். கடைசிப் பயணத்தில் ஒரு தங்குமிடம் என்பதால் இந்தப் பெயர்.

பிரிட்டனில் 1948 ஜூலையிலிருந்தே அரசின் தேசிய சுகாதார சேவை இயங்கிவந்தது. அப்படியிருக்க ஏன் அரசிடமே விடவில்லை என்ற கேள்வி வரலாம். புதிதாக ஒன்றை முயன்று பார்க்கும் சுதந்திரம் வேண்டும் என்பதால் வெளியே நின்றே தொடங்கினார் சிசிலி. ஆனால் அரசோடு சண்டை போடவில்லை. நிதியுதவியை வாங்கிக்கொண்டார். இங்கே கற்பது நாளை அரசு மருத்துவமனைகளுக்குள் போக வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம்.

1965-ல் கட்டட வேலை தொடங்கி, தென்கிழக்கு லண்டன் சிடன்ஹாமில் 1967 ஜூலை 24-ம் தேதி இளவரசி அலெக்ஸாண்ட்ரா திறந்துவைத்தார். 54 படுக்கைகள். தாஸ்மா 500 பவுண்டு கொடுத்து 19 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் நினைவாக நுழைவுப் பகுதியில் ஒரு பெரிய ஜன்னல் வைக்கப்பட்டது.

சிகிச்சை, ஆய்வு, பயிற்சி மூன்றும் ஒரே கூரையின் கீழ் நடந்த முதல் ஹாஸ்பிஸ் இதுதான். உள்ளே போனால் ஆஸ்பத்திரி வாசனை அடிக்காது. படுக்கையோடு நோயாளியைத் தோட்டத்துக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள். ஊழியர்களின் குழந்தைகளுக்கு அங்கேயே காப்பகம் இருந்ததால் பிள்ளைகள் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். வீட்டார் பகல் முழுக்க வந்துபோகலாம். வாரத்தில் ஒருநாள் மட்டும் பார்வையாளர் கிடையாது. ஏன் தெரியுமா? அன்றைக்காவது குடும்பத்தினர் குற்றவுணர்ச்சி இல்லாமல் ஓய்வெடுக்கட்டும் என்றுதான்.

தன்னார்வலர்கள் என்ன செய்தார்கள்?

செயின்ட் கிறிஸ்டோபர்ஸில் சம்பளம் வாங்கும் டாக்டர், நர்ஸ்களோடு சேர்ந்து அக்கம்பக்கத்து மக்களும் தொடக்கத்திலிருந்தே வேலை செய்தார்கள். நோயாளிகளையும் வீட்டாரையும் காரில் கூட்டிவருவது, பூ அடுக்குவது, டீ கொடுப்பது, கடிதம் எழுதித் தருவது, சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எனச் சின்னச் சின்ன வேலைகள்.

கேட்க எளிதாகத் தெரியும். ஆனால் இதற்கும் ஒழுங்கு உண்டு. ஹாஸ்பிஸ் தன்னார்வலர் என்றால் மனம்போன போக்கில் வந்துபோகிறவர் இல்லை. நேர்காணல் உண்டு, பயிற்சி உண்டு. நோயாளி சொன்னதை வெளியே பேசக்கூடாது. மருந்து விஷயத்தில் தலையிடக்கூடாது. வருகிறேன் என்று சொன்ன நாளில் வந்தே ஆக வேண்டும், ஏன்னா ஒருவர் அதற்காகக் காத்துக்கொண்டிருப்பார். நெருங்கியவரை அண்மையில் இழந்தவர்களைக் கொஞ்ச காலம் பொறுத்து வரச்சொல்வதும் பல ஹாஸ்பிஸ்களில் வழக்கம். நர்ஸ் செய்ய வேண்டியதை இலவச ஆளை வைத்துச் செய்து காசு மிச்சம் பிடிப்பதற்குப் பெயர் தன்னார்வம் இல்லை.

பிரிட்டனில் இன்றும் ஹாஸ்பிஸ்கள் பெருமளவு மக்கள் நன்கொடையில்தான் ஓடுகின்றன. பழைய துணி, புத்தகம், பாத்திரம் விற்கும் ஹாஸ்பிஸ் கடைகளை அங்கே கடைத்தெருக்களில் பார்க்கலாம். கல்லாவில் நிற்பவர்களில் பலர் தன்னார்வலர்கள்தான்.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. நன்கொடையை நம்பி நடக்கும்போது வசதியான ஊருக்கு நல்ல ஹாஸ்பிஸும், ஏழை ஊருக்குக் குறைவான உதவியும் கிடைக்கும் அபாயம் உண்டு. பொருளாதாரம் சரிந்தால் நன்கொடையும் சரியும். மக்கள் உதவி எங்கே முடிய வேண்டும், அரசின் பொறுப்பு எங்கே தொடங்க வேண்டும் என்ற விவாதம் பிரிட்டனில் இன்னும் ஓயவில்லை. ஆரம்ப கால ஹாஸ்பிஸ்கள் புற்றுநோயாளிகளுக்கே முக்கியத்துவம் தந்தன, இதயம், நுரையீரல், சிறுநீரக நோயாளிகள் வெளியே நின்றார்கள் என்ற விமர்சனமும் நியாயமானதே.

சுவருக்கு வெளியே போன ஹாஸ்பிஸ்

54 படுக்கையை வைத்துக்கொண்டு ஒரு நகரத்தைப் பார்த்துவிட முடியாது. பலருக்கு வீட்டிலேயே இருக்கத்தான் ஆசை. இதை உணர்ந்து 1969-ல் வீடு தேடிப்போகும் குழுவைத் தொடங்கினார் சிசிலி. ஹாஸ்பிஸ் என்பது ஒரு கட்டடம் என்ற நிலை மாறியது. நர்ஸ் வீட்டுக்கு வருகிறார், மருந்தைச் சரிபார்க்கிறார், குடும்பத்துக்குக் கற்றுக்கொடுக்கிறார்.

ஆய்வும் நிற்கவில்லை. 1971-ல் இங்கே வந்த இளம் டாக்டர் ராபர்ட் ட்வைகிராஸ், வாய்வழி மார்ஃபின் குறித்து முறையான ஆய்வுகள் செய்தார். வெளிநாடுகளிலிருந்து வந்து கற்றுக்கொண்டு போனவர்கள் தங்கள் ஊரில் தொடங்கினார்கள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக நர்ஸிங் பள்ளியின் தலைவராக இருந்த ஃபுளோரன்ஸ் வால்ட், சிசிலியின் உரையைக் கேட்ட பிறகு தன் பாதையையே மாற்றிக்கொண்டார். 1974-ல் கனெக்டிகட்டில் அமெரிக்காவின் முதல் நவீன ஹாஸ்பிஸ் உருவாக அவர்தான் காரணம். 1975-ல் கனடாவின் மான்ட்ரியலில் பால்ஃபர் மவுன்ட் என்ற டாக்டர், பெரிய மருத்துவமனைக்குள்ளேயே இதற்கென ஒரு பிரிவைத் தொடங்கி அதற்கு பேலியேட்டிவ் கேர் என்று பெயர் வைத்தார். இன்று உலகமே பயன்படுத்தும் பெயர் அது.

சொந்த வாழ்க்கையும் துக்கமும்

சிசிலி இழப்பைப் புத்தகத்தில் படித்தவர் இல்லை. தாஸ்மாவுக்குப் பிறகு, செயின்ட் ஜோசப்ஸில் அந்தோனி மிக்னியேவிச் என்ற நோயாளியோடு ஆழமான அன்பு ஏற்பட்டது. அவரும் போலந்துக்காரர். அவர் 1960-ல் இறந்தார். சுற்றிவர நோயாளிகள் இருக்கும் வார்டில், தனியாகப் பேசக்கூட இடமில்லாத ஒரு உறவு அது. அந்தத் துக்கத்திலிருந்து மீள சிசிலிக்கு நாளானது.

1963-ல் லண்டன் ஓவியக்கூடம் ஒன்றில் ஒரு ஓவியம் அவரை நிறுத்தியது. வரைந்தவர் மரியன் போஹுஷ்-ஷிஷ்கோ. இவரும் போலந்துக்காரர்! பழக்கம் நட்பாகி, காதலாகி, 1980-ல் திருமணத்தில் முடிந்தது. அப்போது சிசிலிக்கு 61 வயது, மரியனுக்கு அதைவிட 17 வயது அதிகம். மரியனின் ஓவியங்கள் ஹாஸ்பிஸ் சுவர்களை நிறைத்தன. 1995-ல் மரியன் இறந்ததும் செயின்ட் கிறிஸ்டோபர்ஸில்தான்.

சிசிலி ஆழமான கிறிஸ்தவ நம்பிக்கை கொண்டவர். ஆனாலும் ஹாஸ்பிஸ் எல்லா மதத்தினருக்கும், மதம் இல்லாதவர்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். கருணைக் கொலையைக் கடைசிவரை எதிர்த்தார். வலியும் தனிமையும் சரியாகக் கவனிக்கப்பட்டால் சாக வேண்டும் என்ற எண்ணம் பலருக்கு விலகும் என்பது அவர் அனுபவம். இதில் அவரோடு உடன்படாதவர்களும் உண்டு.

விருதுகள் தேடி வந்தன. 1979-ல் டேம் பட்டம், 1981-ல் டெம்பிள்டன் பரிசு, 1989-ல் பிரிட்டனின் உயரிய கௌரவங்களில் ஒன்றான ஆர்டர் ஆஃப் மெரிட்.

கேரளாவுக்கு வந்த கதை

இந்தியாவில் 1986-ல் மும்பை பாந்த்ராவில் சாந்தி அவேத்னா என்ற ஹாஸ்பிஸ் தொடங்கப்பட்டது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்திருந்தது. கடத்தலைத் தடுக்க வந்த சட்டம்தான். ஆனால் உரிமம் மேல் உரிமம் வாங்க வேண்டியிருந்ததால், மருத்துவமனைகள் மார்ஃபின் வைத்திருப்பதையே தவிர்க்க ஆரம்பித்தன. மருந்துக்கான அபினை விளைவிக்கும் நாட்டில், நோயாளிகளுக்கு மார்ஃபின் கிடைக்கவில்லை.

இந்த நிலையில்தான் 1993-ல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் உள்ளிட்டோர் சேர்ந்து பேலியேட்டிவ் கேர் சொசைட்டியைத் தொடங்கினார்கள். அவர்களுக்குப் பயிற்சியும் வழிகாட்டலும் தந்தவர்களில் ஒருவர், சிசிலியிடம் வேலை பார்த்த அதே ராபர்ட் ட்வைகிராஸ்.

ஆனால் லண்டன் மாதிரியை அப்படியே நகலெடுத்தால் கேரளாவுக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே கட்டடத்தைப் பெரிதாக்காமல் ஊரைத் திரட்டினார்கள். 1990-களின் இறுதியில் மலப்புரம் மாவட்டத்தில் அக்கம்பக்கத்தார் வலைப்பின்னல் உருவானது. வாரத்துக்கு 2 மணி நேரமாவது ஒதுக்கக்கூடிய யாரும் சேரலாம். ஆசிரியர், கடைக்காரர், ஓட்டுநர், மாணவர், இல்லத்தரசி என யாராக இருந்தாலும் பயிற்சி கொடுத்தார்கள். தங்கள் பகுதியில் படுத்த படுக்கையாக இருப்பவர்களைக் கண்டுபிடிப்பது, நர்ஸோடு வீட்டுக்குப் போவது, அரிசிக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் ஏற்பாடு செய்வது, சிறு சிறு தொகையாக நிதி திரட்டுவது எல்லாம் ஊர்க்காரர்கள் பொறுப்பு. மருந்தும் சிகிச்சையும் டாக்டர், நர்ஸ் பொறுப்பு.

மக்கள் தொடங்கியதை அரசும் கையில் எடுத்தது. 2008-ல் பேலியேட்டிவ் கேருக்கென்று தனிக் கொள்கையை அறிவித்தது கேரள அரசு. 2014-ல் நாடாளுமன்றம் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி, மார்ஃபின் போன்ற அத்தியாவசிய வலி மருந்துகளுக்கான நடைமுறையை எளிதாக்கியது. முழுமையான வலி என்று சிசிலி சொன்னதில் சமூக வலிக்குச் சமூகமே மருந்தாக முடியும் என்பதைப் பெரிய அளவில் செய்து காட்டியது மலப்புரம்.

கடைசி நாட்கள்

2005 ஜூலை 14-ம் தேதி சிசிலி சாண்டர்ஸ் இறந்தார். வயது 87. மார்பகப் புற்றுநோய். இறந்த இடம், அவரே கட்டிய செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ். மற்ற நோயாளிகளுக்கு என்ன கிடைக்க வேண்டும் என்று 50 ஆண்டுகளுக்கு மேல் போராடினாரோ, அதே பராமரிப்பு அவருக்கும் கிடைத்தது.

ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். வீட்டுக்கு அழைச்சிட்டுப் போங்க என்று சொன்ன பிறகு யார் வருவார்? டாக்டர் வர வேண்டும், நர்ஸ் வர வேண்டும், மருந்து வர வேண்டும். இதை உறுதி செய்வது அரசின் கடமை. கூடவே பக்கத்துத் தெருக்காரர் ஒருவரும் வர வேண்டும். அவர் பெரிதாக எதுவும் செய்ய வேண்டாம். இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்தால், பார்த்துக்கொள்ளும் அந்த மகள் கொஞ்சம் தூங்கி எழுவார். அப்படி மாலை நேரத்தில் போய் உட்கார்ந்த ஒருவரிடமிருந்துதான் இவ்வளவும் தொடங்கியது.